இடிக்கும் முன் அளந்து வைக்க மாணவர்களுக்கு வாய்ப்புக் கோரும் மனு

அனுப்புநர்:
வரலாறும் கட்டடப் பொறியியலும் பயிலும் மாணவ மாணவியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: கீழக்கரை, இராமேஸ்வரம் நகராட்சிகளில் பழைய கட்டடங்களைப் பதிவுசெய்யும் பணியில் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி இடங்கள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஆனி மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். முருகைக்கல் (கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்) சுவர், பனங்கை (பனைமரச் சட்டம்) பாவிய மட்டப்பா (தட்டைக் கூரை), நடுவில் முற்றம். மூன்றே நாளில் தரைமட்டமானது. தேக்குக் கதவை ஒரு வியாபாரி வாங்கிப் போனார். கல்லெல்லாம் டிராக்டரில் ஏறிப் பள்ளம் தூர்க்கப் போனது. வீட்டுக்காரர் மீது எங்களுக்கு வருத்தம் கிடையாது. பாகம் பிரிந்த வீடு. ஒழுகும் கூரையின் கீழ் எத்தனை மழைக்காலம் குடியிருக்க முடியும்? ஆனால் அந்த வீட்டின் நீள அகலம்கூட இன்று எவரிடமும் எழுத்தில் இல்லை என்பதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இதற்கு ஒரு வழி இருப்பதாக நினைக்கிறோம். பழையதை இடித்துப் புதிய வீடு கட்டுகிறவர் வரைபட அனுமதிக்கு நகராட்சிக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த விண்ணப்பம் வந்ததும், உரிமையாளரின் இசைவோடு, இரண்டு மாணவர்கள் சென்று பழைய வீட்டை அளந்து, வரைந்து, படமெடுத்து நகராட்சியில் ஒப்படைக்கட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் போதும். அனுமதி ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது.

இந்தக் கடற்கரையில் இது ஏன் அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். முருகைக்கல் இனிக் கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்குகின்றன. பவளங்களை எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தத் தடை வேண்டும், அது நியாயமானது. அதனாலேயே, முன்பே வெட்டிச் சுவரில் வைத்த ஒவ்வொரு கல்லும் மாற்று இல்லாத கல்லாகிவிட்டது. ஒரு வீடு இடிபட்டால் அதன் கல் இன்னொரு பழைய கட்டடத்தின் பழுதுக்குப் போக வேண்டும். எந்த வீட்டில் என்ன கல், எவ்வளவு என்ற கணக்கு இருந்தால்தான் அது நடக்கும்.

பழுது பார்க்கும் முறையும் இப்படித்தான் கைநழுவுகிறது. எங்களில் ஒருவரின் பாட்டனார் சுண்ணாம்பு வேலைக் கொத்தனார். உப்புக் காற்றில் நிற்கும் சுவர் மூச்சுவிட வேண்டும் என்பார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்துக் கல்லைத் தூளாக்கும். நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசி நாசமான சுவர்களை எங்கள் தெருக்களிலேயே காட்ட முடியும். கடுக்காயும் கருப்பட்டியும் என்ன அளவில் சேர்ப்பது, சாந்தை எத்தனை நாள் ஊற வைப்பது என்பதெல்லாம் அவரைப் போன்ற சில முதியவர்களின் கையில் மட்டும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதுவதும் இந்தப் பயிற்சியில் பாதியாக இருக்க வேண்டும்.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் போன்றவற்றைத் தொல்லியல் துறை காக்கிறது. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு ஊர் போற்றும் ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களை ஜமாஅத்தார் பேணுகிறார்கள். சாதாரண வீடு, பண்டகசாலை, தெருமுனைக் கிணறு ஆகியவற்றுக்குத்தான் நாதியில்லை. தனுஷ்கோடியும் அப்படியே. 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களை ஆண்டுக்கொரு முறை ஒரே இடங்களில் அளந்தால், எது எவ்வளவு சரிகிறது என்பது விழும் முன்பே தெரியும்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. மாணவர் பயிற்சிக்குத்தான் வழி இல்லை. நகராட்சிகளில் பயிற்சி பெற 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய துலிப் திட்டம் படிப்பை முடித்தவர்களுக்கானது. படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது பயன்படவில்லை. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் பயிற்சி கேட்டோம். ஒரு மாதம் பழைய கோப்புகளை அடுக்கச் சொல்லிச் சான்றிதழ் தந்தார்கள். அந்தச் சான்றிதழைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே, வரும் கோடை விடுமுறையில் எட்டு வாரங்களுக்கு, கீழக்கரை, இராமேஸ்வரம் நகராட்சிகளில் ஆறு ஆறு மாணவர்களை நகரமைப்புப் பிரிவின் கீழ் அமர்த்த உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அளவெடுக்கவும் குறிப்பெழுதவும் முதல் வாரத்தில் தொல்லியல் துறை அலுவலர் ஒருவர் கற்றுத்தர வேண்டும். பஸ் கட்டணமும் மதிய உணவுச் செலவும் கிடைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வர முடியும்.

முக்கியமாக இரண்டு உறுதிமொழிகளைத் தங்கள் உத்தரவிலேயே எழுத வேண்டுகிறோம். பதிவேட்டில் ஏறிய காரணத்தால் எந்த வீட்டையும் விற்கவோ மாற்றவோ தடை வராது. இந்த அச்சம் ஊரில் பலமாக இருக்கிறது. அது நீங்காமல் ஒரு கதவும் திறக்காது. அடுத்து, வீட்டின் உட்பகுதியை மாணவிகளே அளப்பார்கள், அறைகளின் படங்கள் வீட்டார் சம்மதமின்றி வெளிவராது.

எங்கள் தெருவின் கீழைக் கோடியில் இன்னொரு வீட்டை ஐப்பசி மழைக்கு முன் இடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டோம், அளந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். அந்த ஒரு வீட்டுக்கேனும் நகராட்சியின் கடிதம் முன்கூட்டியே கிடைக்கத் தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவ மாணவியர், கீழக்கரை.