செந்தூலாருக்கு: உன் அலி தோற்பான்

அன்புள்ள செந்தூலாரே,

முகமது அலியையும் இன்றைய குத்துச்சண்டைக்காரன் உசிக்கையும் ஒப்பிட்டு நான் அனுப்பிய செய்திக்குப் பதிலாக நீ அனுப்பிய குரல் பதிவு பதினொரு நிமிஷம். பசியாற உட்கார்ந்த இடத்தில் போட்டுக் கேட்டேன். ஒட்டுக்கடைக்காரர் இரண்டாவது தே தாரிக்கைக் கொண்டுவந்து வைக்கும்போதும் நீ கத்திக்கொண்டுதான் இருந்தாய், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னங்க, பங்காளிச் சண்டையா?" என்று கேட்டேவிட்டார். இல்லை, குத்துச்சண்டை என்றேன். பதிலுக்கு நானும் பேசி அனுப்பியிருப்பேன், ஆனால் நீ நடுவில் புகாமல் ஒரு தடவையாவது நான் முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஐம்பது வருஷமாக ஆசை, அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படி.

முதலில் வீட்டுச் செய்தி. வலது முழங்கால் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை, ஆப்பரேஷன் தேதியை இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய் வருவதே எனக்கு இப்போது பதினைந்து ரவுண்டு ஆடின மாதிரி. மகள் ஜோகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். பாலேக் பூலாவ் டுரியான் முடியப் போகிறது, உனக்கு எடுத்து வைத்திருந்ததை நாங்களே தின்று தீர்த்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு விடியற்காலை பேரனும் நானும் உக்ரைன்காரன் உசிக்கும் இங்கிலாந்துக்காரன் டுபுவாவும் மோதிய ஹெவிவெயிட் பட்டச் சண்டையைப் பார்த்தோம். வெம்பிளியில் நடந்தது, ஐந்தாம் ரவுண்டில் டுபுவா இரண்டு தடவை விழுந்தான், அத்தோடு முடிந்தது. முப்பத்தெட்டு வயசு உசிக்குக்கு! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அலி இருந்தால் இவனை..." என்று ஆரம்பித்தேன். பேரன் போனில் எதையோ தேடி என் மூக்குக்கு நேராக நீட்டினான். "தாத்தா, அலி உயரம் 191 சென்டிமீட்டர். உசிக்கும் 191. கை வீச்சு ரெண்டு பேருக்கும் 198. பிறந்த நாளும் ஒண்ணுதான், ஜனவரி 17." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடவுள் நாற்பத்தைந்து வருஷம் தள்ளி அதே அச்சில் இன்னொருவனை வார்த்திருக்கிறார், ஆனால் இவன் இடக்கைக்காரன். அந்த வியப்பில்தான் உனக்குச் செய்தி அனுப்பினேன், நீ பதினொரு நிமிஷம் திட்டினாய்.

உன் வாதம் எப்போதும் ஒன்றே ஒன்று: "நான் அலியை நேரில் பார்த்தவன், நீ பார்த்தியா?" இல்லை, பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அலி கோலாலம்பூருக்கு வந்து ஆடிய நாள் 1975 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. இந்த மாதம் பிறந்தபோது சரியாக ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, உனக்கு ஞாபகம் இருந்ததா? உன் அப்பா ரயில் பட்டறையில் லீவு போட்டுவிட்டு, உனக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டு, உன்னை மெர்டேக்கா ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அமெரிக்காக்காரன் ராத்திரி டிவியில் பார்க்க வேண்டும் என்று இங்கே காலை வெயிலில் சண்டை வைத்தார்கள். மறுநாள் நீ பள்ளிக்கு வந்தபோது மூக்கும் காதும் தோல் உரிந்து சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தாய். வாத்தியார் கடிதத்தை ஒரு தடவை படித்தார், உன் மூக்கைப் பார்த்தார், மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். "காய்ச்சல் வெளியிலிருந்து உள்ளே போகுதா, உள்ளேயிருந்து வெளியே வருதா?" என்று கேட்டாரே, அதற்கு இன்றுவரை நீ பதில் சொல்லவில்லை.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். நீ பார்த்த அலிக்கு வயசு முப்பத்து மூன்று. எடை கிட்டத்தட்ட 102 கிலோ. எதிரே ஜோ பக்னர், 104 கிலோ, நல்ல உயரம், நல்ல உடம்பு, ஆனால் துணிந்து உள்ளே வராத ஆள். பதினைந்து ரவுண்டும் போய்ப் புள்ளிக் கணக்கில் அலி ஜெயித்தான். நான் அந்தச் சண்டையை இப்போது திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம் ஆடுகிறான், இரண்டு நிமிஷம் இழுக்கிறான், கட்டிப்பிடித்து மூச்சு வாங்குகிறான். கால் நிற்கிறது, மூளை மட்டும் ஓடுகிறது. மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஜோ பிரேசியரோடு பதினான்கு ரவுண்டு போனதைக் குறைத்துச் சொல்லவில்லை, அது நெஞ்சுரம், வேறு யாராலும் முடிந்திருக்காது. ஆனால் நெஞ்சுரத்தை வைத்துக்கொண்டு உசிக்கைத் துரத்த முடியாது. கோலாலம்பூருக்கு வந்த அந்த அலி இன்றைய உசிக்கிடம் தோற்பான். நீ நேரில் பார்த்த அலி தோற்பான்டா. எழுதிவிட்டேன், கிழித்துப் போட்டாலும் போடு.

வேறு ஓர் அலி இருந்தான், நாம் இரண்டு பேரும் பார்க்காதவன். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தவன். எடை 96 கிலோ சொச்சம். அந்தப் பதிவைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். போனைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான், அலி பின்னால் போய்க்கொண்டே அடிக்கிறான், அடி விழுந்தவனுக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த ஒரே வருஷத்தில் ஐந்து தடவை பட்டத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறான். இப்போது வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 1967 மார்ச்சுக்கு அப்புறம் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காகப் பட்டத்தைப் பிடுங்கினார்கள், மூன்றரை வருஷம் ரிங்குப் பக்கமே விடவில்லை. திரும்பி வந்தபோது அந்தக் கால்கள் வரவில்லை. நமக்குக் கிடைத்தது மிச்சம்தான், அதுவே இவ்வளவு.

மற்ற பழைய சாம்பியன்களைப் பற்றி நீ அடுக்கினாயே, அதில் பாதியை என்னால் ஏற்க முடியாது. ராக்கி மார்சியானோ நாற்பத்தொன்பது சண்டையில் நாற்பத்தொன்பது வெற்றி, சரிதான். உயரம் 179, எடை 85 கிலோ. 2024 டிசம்பரில் டைசன் பியூரி என்ற இங்கிலாந்துக்காரன் உசிக்கோடு ஆட ரிங்கில் ஏறியபோது 127 கிலோ, உயரம் 206. பினாங்குப் பாலத்தில் ஒரு குட்டிக் கஞ்சில் காடி எதிரே மணல் லோரி வருகிற மாதிரி. காடி ஓட்டுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் என்ன? இன்றைக்கு மார்சியானோ இருந்தால் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான குரூசர்வெயிட்டில்தான் ஆடுவான், அங்கே ராஜாவாகவும் இருப்பான். அப்படி ஒரு பிரிவு அப்போது இல்லை என்பது அவன் குற்றமில்லை. அவனையும் அலியையும் வைத்து 1969இல் ஒரு கூத்து நடந்ததே, தெரியுமா? இரண்டு பேரையும் கேமரா முன்னால் பொய்ச்சண்டை போட வைத்து, யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். மார்சியானோ தொப்பையைக் கரைத்துக்கொண்டு, தலையில் சவுரி வைத்துக்கொண்டு வந்தானாம். பதிமூன்றாம் ரவுண்டில் அலியை மார்சியானோ நாக்அவுட் செய்வான் என்றது கம்ப்யூட்டர். அந்த முடிவு திரைக்கு வருவதற்கு முன்பே அவன் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றைய கம்ப்யூட்டரும் உன்னை மாதிரிதான், கூச்சல் அதிகம், கணக்குக் குறைவு.

ஜாக் டெம்ப்ஸி அப்போதைய சாம்பியன் வில்லார்டை 1919இல் முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை தரையில் போட்டானே என்பாய். தெரியும், 85 கிலோ ஆள் 111 கிலோ ஆளைச் சாய்த்தான். அந்த வில்லார்டுக்கு முப்பத்தேழு வயசு, மூன்று வருஷமாகப் பட்டத்துக்கு ஆடவே இல்லை. பியூரி வேறு ஜாதி, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தலையை ஆட்டி நகர்கிறான், களைத்தால் எதிராளி கழுத்தின்மேல் சாய்ந்து தன் எடையையும் சுமக்க வைக்கிறான். அவனையும் உசிக் இரண்டு தடவை ஜெயித்தான், சின்னவன் பெரியவனை ஜெயிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி என்று நீ துள்ளுவாய். அந்தச் "சின்னவன்" 102 கிலோடா! சின்னவனின் அளவே மாறிவிட்டது.

ஜோ லூயியை மட்டும் தொட மாட்டேன். 1941 ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாதம் ஒருத்தனோடு பட்டச் சண்டை. அதில் ஏப் சைமன், பட்டி பேயர் இரண்டு பேரும் மலை மாதிரி ஆட்கள். இன்றைய பெரிய உடம்புக்காரர்களில் பாதிப் பேர் லூயியின் வலது கைக்கு மூன்று ரவுண்டு தாங்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே ஜூனில் பில்லி கான் என்ற மெலிந்த ஆள் ஓடி ஆடி, பன்னிரண்டு ரவுண்டு வரை லூயியைத் திணற அடித்தான். பதிமூன்றாவதில் பேராசைப்பட்டு விழுந்தான். ஓடி ஆடுகிற உசிக்கை லூயிக்கு எதிரே நிறுத்தினால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இவனை அவன் அடித்தான், அவனை இவன் அடித்தான், அதனால் இவன்தான் பெரியவன் என்று சங்கிலி கோக்கிற வேலையை மட்டும் விட்டுவிடு. பிரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு ரவுண்டில் ஆறு தடவை தள்ளினான், நார்ட்டனை இரண்டு ரவுண்டில் முடித்தான். அந்த இரண்டு பேருமே அலியைத் தோற்கடித்தவர்கள். உன் சங்கிலிப்படி ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு ஆடியபோது அலி செத்திருக்க வேண்டும். எட்டாம் ரவுண்டில் விழுந்தது யார்?

காலத்தை அளக்க ஏதாவது ஒரு கோல் வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து அது ஃபோர்மன்தான். மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்த அன்று உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. 1974இல் அலியிடம் தோற்றவர், பத்து வருஷம் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, 1991இல் நாற்பத்திரண்டு வயசில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். 1994இல் நாற்பத்தைந்து வயசில், ஆப்பிரிக்காவில் போட்ட அதே சிவப்புக் கால்சட்டையோடு மைக்கேல் மூரரைப் பத்தாம் ரவுண்டில் படுக்கப் போட்டார். மூரருக்கு இருபத்தாறு வயசு, இடக்கைக்காரன். ஹோலிஃபீல்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தவனே அவன்தான். எழுபதுகளில் சாம்பியனான லாரி ஹோம்ஸும் நாற்பது தாண்டி ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு ரவுண்டு போனார். எழுபதுகளின் தேய்ந்த டயர் தொண்ணூறுகளின் ரோட்டில் அவ்வளவு தூரம் ஓடியதென்றால், புதுசாக இருந்தபோது என்ன ஓட்டம் ஓடியிருக்கும்? இதைச் சொன்னதும் பேரன் சிரித்துக்கொண்டே, "அது தொண்ணூறு தாத்தா, இது 2025" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் பேச வேண்டிய சண்டை ஒன்றுதான். 1966இன் அலியும் இன்றைய உசிக்கும். எனக்கு உறுத்துகிற இடம் எது தெரியுமா? அதே 1966 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் அலி ஒரு ஜெர்மன்காரனோடு ஆடினான், கார்ல் மில்டன்பெர்கர், இடக்கைக்காரன். பெரிய பெயர் இல்லை. ஆனாலும் அலியின் ஜேப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) அவனிடம் சரியாக இறங்கவில்லை, பன்னிரண்டாம் ரவுண்டு வரை இழுத்தடித்துத்தான் நிறுத்தினான். உசிக் அந்த மில்டன்பெர்கரைவிடப் பத்து மடங்கு. அலியோ கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலையை நேராகப் பின்னால் இழுக்கிறவன். கூப்பரும் பிரேசியரும் வளைத்து வீசும் இடது ஹூக்கால் அவனைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். உசிக்கின் இடது கை பின்னாலிருந்து நேராக வரும், தலை பின்னால் போகிற அதே பாதையில்.

அதனால் என் தீர்ப்பு இது. இன்றைய வழக்கப்படி பன்னிரண்டு ரவுண்டு என்றால் ஒன்றிரண்டு புள்ளியில் உசிக். அந்தக் காலத்துப் பதினைந்து ரவுண்டு என்றால் அலி. 1982இல் கொரியப் பையன் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்த பிறகுதான் பதினைந்தைப் பன்னிரண்டாகக் குறைக்க ஆரம்பித்தார்கள், செய்தது சரி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டோடு முடித்துப் பழகியவனுக்குப் பதிமூன்றாம் ரவுண்டு மணி என்றால் என்னவென்றே தெரியாது. அலி அங்கே வீடு கட்டிக் குடியிருந்தவன். பேரன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, உசிக் கடைசி ரவுண்டுகளில்தான் இன்னும் வேகமாகிறான் என்கிறான். நீயும் ஒத்துக்கொள்ள மாட்டாய். இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடியுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக்கு வருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்கிறாய், இந்தத் தடவையாவது தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. என் முழங்காலுக்குப் படி ஏற முடியாது, நீ ஏறிவிட்டு வா, நான் கீழே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். அவருக்கு நேற்று சாப்பிட்டது மறந்தாலும் அந்தச் சண்டை மறக்கவில்லை என்று போன தடவை சொன்னாயே, அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்: அந்த வெயிலில், கடைசி ரவுண்டுகளுக்கு முன்னால் இடைவேளையில், அலி ஸ்டூலில் எப்படி உட்கார்ந்திருந்தான், நிமிர்ந்தா, தொய்ந்தா? வீடியோவில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உன்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நீ அன்றைக்கு முக்கால்வாசி நேரம் ஐஸ்கிரீம்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆயர் ஈத்தாமிலிருந்து,
உன் பழைய கூட்டாளி