நூலக அக்காவின் நினைவு மலருக்கு அனுப்ப வேண்டியவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நம் இறையியல் கல்லூரி நூலக அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி எல்லாருக்கும் எட்டியிருக்கும். நினைவு ஆராதனை வரும் சனி மாலை 5 மணிக்கு, கல்லூரி ஆலயத்தில். மாலைகள் வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

நினைவு மலர் அடுத்த மாதம். படங்களை வாட்ஸ்அப்பில் 'போட்டோ'வாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக 1800 பிக்சல் வேண்டும். பழைய ஆல்பப் படங்களை ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தாளோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். மேல்பூச்சு உரிந்து முகமே போய்விடும். பின்புறம் எழுத்து இருந்தால் அதையும் படமெடுங்கள்.

கட்டுரை 150 சொற்களுக்குள், யூனிகோடில். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினால் கொம்பெழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன. "அன்பானவர், பண்பானவர்" எல்லாருக்கும் பொருந்தும், அதனால் வேண்டாம். அவர் செய்ததை எழுதுங்கள்: மழையில் நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் நெளிந்து அட்டை வளையும் என்பதால், பக்கங்களுக்கிடையே ஒற்றுத்தாள் செருகி, ஈரமானதை மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துவார். வேதாகமங்கள் இருக்கும் 220ஆம் எண் அலமாரியில் பப்ரிசியுஸின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பையும் 1871இல் வந்த மொழிபெயர்ப்பையும் கலக்க விடவே மாட்டார் (கலந்தவர்களுக்குத் தெரியும்!).

நடுவில் பின் அடிக்கும் மலர் என்பதால் பக்கங்கள் 4இன் மடங்காகத்தான் வரும். 32 என்று முடிவாகிவிட்டது. பிந்தி வரும் ஒரு கட்டுரைக்காக நாலு பக்கம் கூட்ட முடியாது. 20ஆம் தேதி கடைசி.