எங்கே இருக்கிறது என்று பார்க்க விடுங்கள்

மதிப்பிற்குரிய பொதுக் கருவி மையக் குழுவினருக்கு,

வணக்கம். கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பின் 488 நானோமீட்டர் லேசர் பழுதாகிவிட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். பச்சையாக ஒளிரும் அடையாளம் சேர்த்த புரதத்தைச் செல்லுக்குள் பார்க்க அந்த லேசர்தான் வேண்டும். மாற்றித் தரக் கேட்ட எங்கள் விண்ணப்பம், "வெஸ்டர்ன் பிளாட் செய்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

வெஸ்டர்ன் பிளாட் என்பது செல்களை உடைத்து, புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை. புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நாங்கள் ஈஸ்ட்டில் பார்க்கும் சிடிசி14 நொதியின் அளவு செல் சுழற்சி முழுக்க ஏறக்குறைய மாறுவதே இல்லை. பெரும்பாலான நேரம் நெட்1 என்ற புரதம் அதை உட்கருவில் உள்ள நியூக்ளியோலஸ் என்ற பகுதிக்குள் பிடித்து வைத்திருக்கிறது. குரோமோசோம்கள் விலகத் தொடங்கும்போது பிடி தளர்ந்து, நொதி வெளியே பரவுகிறது. அது வெளியே வராவிட்டால் செல் பிரிவை முடிக்க முடியாமல் நின்றுவிடும். 1999-லேயே தெளிவான விஷயம் இது. பிளாட்டிலோ முன்னும் பின்னும் ஒரே மாதிரி பட்டைதான் விழும். மனித செல்லிலும் சைக்ளின் பி1 என்ற புரதம் உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் காத்திருந்து, பிரிவு தொடங்கும் வேளையில் மளமளவென்று உட்கருவுக்குள் போகிறது.

இப்போது எங்கள் ஜூனியர் மாணவி என்ன செய்கிறாள் தெரியுமா? பிரிவை நிறுத்திவைக்கும் ஆல்ஃபா ஃபேக்டர் என்ற பொருளைப் போட்டு செல்களை ஒரே கட்டத்தில் நிறுத்தி, கழுவி விடுவித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, இருந்த நிலையிலேயே நிற்க ஃபார்மால்டிஹைடில் போடுகிறாள்; அதில் செல்கள் செத்துவிடும். ஐஸ் பெட்டியோடு இரவு பஸ் ஏறி வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போகிறாள். அங்குள்ளவர்கள் வேலை முடிந்த பிறகுதான் அவள் முறை. கிடைப்பதும் செத்த செல்களின் படம். போன முறை ஒளி மங்கி, பாதி ஸ்லைடு வீண். நொதி வெளியேறும் அந்தச் சில நிமிடங்களை உயிருள்ள ஒரே செல்லில் தொடர்ந்து பார்த்தால்தான் அவள் கேள்விக்கு விடை கிடைக்கும். எனவே லேசரை மாற்றித் தாருங்கள்.

கருவி வந்த நாளில் விழா எடுக்க முடிந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொன்னால் மட்டும் கோப்பு மேசை மேசையாக அலைகிறது. உதவித்தொகையும் நேரத்துக்கு வருவதில்லை. பஸ் கட்டணம் அவள் கைக்காசு. சரி, உதவித்தொகை பற்றித் தனியாகவே எழுதுகிறோம்.

தயவுசெய்து லேசரை மாற்றித் தாருங்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். அதுவரை அவளுடைய பயணச் செலவையாவது மையம் ஏற்கட்டும். வெஸ்டர்ன் பிளாட் பற்றிய அந்தக் குறிப்பையும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து விண்ணப்பிக்கும் மாணவருக்கும் அதையே பதிலாக அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
செல் உயிரியல் ஆய்வு மாணவர்கள் சார்பாக ஒருவர்