மேசைகளை எப்போது சேர்த்துப் போடலாம்?

தென்னாப்பிரிக்காவில் கொரோனா பேரிடர் கால விதிகளை அரசிதழில் வெளியிடும் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சிறிய உணவகம் நடத்துகிறேன். 2020 மார்ச் 15 அன்று அறிவித்த பேரிடர் நிலையை மாதந்தோறும் நீட்டித்து, இப்போது வரும் 2022 மார்ச் 15 வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். அதன் பிறகாவது உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் இடைவெளி விதி நீங்குமா?

ஒன்றரை மீட்டர் இடைவெளி. அதற்கு இடம் போதாவிட்டால் கடை கொள்ளும் ஆட்களில் பாதிப் பேர். பெரிய ஹோட்டல்கள் இதைத் தாங்கும். என் கடையில் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு, எதிரே சில மேசைகள், அவ்வளவுதான். பெஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்றாக மஞ்சள் டேப்பை ஒட்டி வைத்திருக்கிறேன். மதியத்தில் உள்ளே பாதி இடம் காலி. காத்திருப்பவர்களோ வாசலில் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். இதில் யாருக்குப் பாதுகாப்பு? பார்சல் வாங்கிப் போகட்டும் என்பார்கள். குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய ஆட்டுக்கறிக் குழம்பைச் சுடச்சுட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீடு போய்ச் சேர்வதற்குள் ரொட்டி ஊறிக் குழைந்துவிடும். வாடகை மட்டும் முழுதாகத்தான் போகிறது.

நோயை நான் லேசாக எண்ணவில்லை. டெல்டா அலையில் எங்கள் தெருவில் சாவு விழுந்த வீடுகளுக்குப் பதினாறாம் நாள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி அனுப்பியவன் நான். அன்று கதவை மூடச் சொன்னது சரி. ஆனால் 2021 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு ஊரடங்கை நீக்கினீர்கள். இந்த மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே இருந்த ஒரு மீட்டர் இடைவெளியையும் எடுத்துவிட்டீர்கள். வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மாலையில் என் கடையில் மட்டும் ஏன் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும்?

நாளைக்கே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த அளவுகோல் எட்டினால் எடுப்பீர்கள்? மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கையா, தடுப்பூசிக் கணக்கா? அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2020 ஜூலை 12, ஞாயிறு இரவு அதிபர் தொலைக்காட்சியில் பேசினார்; மது விற்பனைத் தடை உடனே அமலுக்கு வந்தது. வாங்கி அடுக்கிய சரக்கோடு கடைக்காரர்கள் திகைத்து நின்றார்கள். அது மறுபடி வேண்டாம்.

ஏப்ரலில் ஈஸ்டர் வருகிறது. அப்போது டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கோம்பில் நடக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தெல்லாம் உறவினர்கள் வருவார்கள். வேலையைவிட்டு நிறுத்திய இரண்டு பேரைத் திரும்ப அழைப்பதா, சரக்கு எவ்வளவு எடுப்பது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும். மார்ச் 15 இரவு வரை எங்களைக் காக்க வைக்காமல், இரண்டு வாரம் முன்னதாகவே உங்கள் முடிவை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் உணவகக்காரர் ஒருவர்
பிப்ரவரி 2022