அறிவியல் விழா: இந்த ஆண்டு மதிப்பெண் எதற்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அறிவியல் விழா அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை 8.30க்கு நம் பள்ளி மண்டபத்தில் நடைபெறும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களோடு, இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட நம் பழைய பிள்ளைகளில் முதலாம், இரண்டாம் படிவத்தாரும் இம்முறை சேர்ந்துகொள்கிறார்கள். இதெல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஏற்கெனவே வந்துவிட்டது. நான் எழுதுவது வேறொன்றுக்காக. மதிப்பெண் வழங்கும் முறையை மாற்றியிருக்கிறோம். காரணத்தை இப்போதே சொல்லாவிட்டால், விழாவன்று மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டிவரும்.

போன ஆண்டு மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. முதல் பரிசு, தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் ஓர் இயந்திரக் கைக்குப் போனது. ஊசியில்லாத சிரிஞ்சுகள், சிவப்பும் நீலமுமாக வண்ணத் தண்ணீர், சுற்றிலும் மின்னும் விளக்கு. அந்தக் கை பிங்பாங் பந்தைத் தூக்கிக் கிண்ணத்தில் போட்டபோது நானே கைதட்டிவிட்டேன். பிறகு மாணவனிடம், "இந்தச் சின்ன சிரிஞ்சுக்குப் பதிலாகப் பெரியதை வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் சுவரோரம் நின்றிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பா பதில் சொன்னார். சரியான பதில்தான். அதற்கு நாங்கள் மதிப்பெண்ணும் போட்டோம். (அந்தத் தந்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "தாராளமாக எழுதுங்கள் டீச்சர், அந்தக் கையைச் செய்ய எனக்கு மூன்று இரவு ஆனது" என்றார்.)

மூன்றாம் பரிசு பெற்ற மாணவியின் ஆய்வு, எந்தத் துணி சீக்கிரம் காயும் என்பது. அட்டையில் எழுத்து கோணல்மாணல். படம் ஒன்றே ஒன்று, அதுவும் மங்கல். மூன்று துணிகளை ஒரே அளவாக நனைத்து, அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் கொடி கட்டிக் காயப்போட்டு, அரைமணிக்கு ஒருமுறை சமையல் தராசில் நிறுத்திருக்கிறாள். பாட்டியின் பருத்திக் கைலி, ஒரு துண்டு, அப்பாவின் பந்தாட்டச் சட்டை. கைலி மெல்லியது, அதுதான் முதலில் காயும் என்பது அவள் கருதுகோள். பந்தாட்டச் சட்டை முந்திவிட்டது. ஏன் என்று கேட்டோம். "தெரியவில்லை டீச்சர்" என்றாள். தெரியவில்லை என்றதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தோம்.

விழா முடிந்து மேசைகளை மடக்கும்போது அவளுடைய குறிப்பேடு ஒரு நாற்காலிக்கடியில் கிடந்தது. வீட்டிற்கு எடுத்துப் போய் இரவு படித்தேன். நான்காம் நாள்: "மழை. யாரும் காயவில்லை." ஐந்தாம் நாள் எழுதியிருந்த எண்கள் அத்தனையின் மேலும் ஒரு கோடு. கீழே பென்சிலில், "பாட்டி கைலியை மட்டும் வெயில் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார். இன்றைய கணக்கு செல்லாது. நாளை மறுபடியும்."

இருபத்தாறு ஆண்டுகளாக, கட்டுப்படுத்தப்பட்ட மாறி (ஆய்வு முழுக்க மாற்றாமல் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டியது) என்றால் என்ன என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இதைவிட நன்றாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. தன் எண்களைத் தானே செல்லாது என்று அடித்து, இன்னொரு நாள் முழுக்க அரைமணிக்கு ஒருமுறை தராசுக்கு ஓடியிருக்கிறாள் அந்தப் பிள்ளை. நாங்கள் மூன்று பெரியவர்கள் அந்தக் குறிப்பேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பந்தாட்டச் சட்டை ஏன் முந்தியது என்பதையும் சேர்ந்து தேடினோம். பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பந்தாட்டச் சட்டையின் பாலியெஸ்டர் இழை அவ்வளவாக உறிஞ்சாது. தண்ணீர் பெரும்பாலும் இழைகளின் இடுக்கில்தான் தங்கும், அதனால் சீக்கிரம் போய்விடும். "அப்படியென்றால் தடிமன் முக்கியமில்லையா?" என்று கேட்டாள். அடுத்த ஆய்வுக்கான கேள்வி அவளிடம் தயாராக இருந்தது.

ஆகவே இந்த ஆண்டு 100 மதிப்பெண்ணில் காட்சி அட்டைக்கு 10 மட்டுமே. குறிப்பேட்டுக்கு 30, ஆய்வை அமைத்த விதத்துக்கு 30, நேர்காணலுக்கு 30. மூன்று நடுவர்களும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகுதான் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒரு நடுவரின் குரல் ஓங்கி மற்ற இருவரும் தலையாட்டும் கதை போன ஆண்டோடு போகட்டும். (ஓங்கிய குரல் என்னுடையதுதான். இம்முறை நான் நடுவர் இல்லை.) சொந்தக்காரப் பிள்ளையின் மேசைக்கு எந்த நடுவரும் போகமாட்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் ஒருவரும் நடுவராக வருகிறார். ஒரே அளவை எத்தனை முறை எடுத்தாய் என்று கேட்பதுதான் அவருடைய அன்றாட வேலை. ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட்டு முடிவு எழுதும் பிள்ளைகள் இப்போதே உஷாராகட்டும். குறைந்தது மூன்று முறையாவது செய்ய வேண்டும்.

நேர்காணலின்போது பெற்றோர் மண்டபத்திற்குள் இருக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிடம். அதுவரை சிற்றுண்டிச்சாலையில் காப்பியும் நாசி லெமாக்கும் உண்டு, மண்டபக் கதவு சாத்தியிருக்கும். கேள்விகளில் ஒளிவுமறைவு இல்லை, இதோ: இந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோன்றியது? எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய்? எது நீ நினைத்தபடி நடக்கவில்லை? மறுபடி செய்தால் எதை வேறுவிதமாகச் செய்வாய்? பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அது இரண்டாம் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஒளிச்சேர்க்கை என்று சொன்னாலும் ஃபோட்டோசிந்தெசிஸ் என்று சொன்னாலும் மதிப்பெண் ஒன்றுதான். "தெரியவில்லை" என்பதற்கு இனி மதிப்பெண் குறையாது, அதற்குப் பிறகு "ஆனால்" என்று ஒரு சொல் வந்தால் இன்னும் நல்லது.

எரிமலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் நான்கைந்து எரிமலைகள் வருகின்றன. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) பொங்கும் என்பது நமக்குத் தெரியும், நடுவருக்கும் தெரியும். அது செய்துகாட்டல், ஆராய்வு ஆகாது. அதே எரிமலையில் குளிர்ந்த வினிகர், அறை வெப்பநிலை வினிகர், வெதுவெதுப்பான வினிகர் என்று மூன்றை ஊற்றி, நுரை எத்தனை சென்டிமீட்டர் எழுந்தது, எத்தனை நொடியில் எழுந்தது என்று அளந்தால் அது ஆராய்வு. சங்குப்பூவும் அப்படித்தான். புலூட் தாய் தாய் பலகாரத்துக்கு நீலம் ஏற்றும் அதே பூ, பல வீட்டு வேலிகளில் பூத்துக் கிடக்கிறது. அந்த நீல நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறுவதைக் காட்டுவது வேடிக்கை. எத்தனை துளியில் மாறுகிறது, நேற்று ஊறவைத்த நீருக்கும் இன்றைய நீருக்கும் வித்தியாசம் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், பிள்ளை ஒரு வாரம் சமையலறையை விட்டு நகராது.

செலவு 30 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. கடையில் செய்து வாங்கிய மாதிரிகளை ஏற்கமாட்டோம். ரொட்டியில் பூஞ்சணம் வளர்ப்பவர்கள் பையை இறுக மூடி, பூஞ்சணம் கண்ணில் பட்டதும் ஆய்வை நிறுத்திவிட வேண்டும். பையைத் திறக்கவோ மண்டபத்திற்குக் கொண்டுவரவோ கூடாது, புகைப்படம் போதும். அமெரிக்காவில் 1950 முதல் நடந்துவரும் பன்னாட்டு மாணவர் அறிவியல் கண்காட்சியிலும் நுண்ணுயிர்களை வீட்டில் வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது, நாங்களாக இட்டுக்கட்டிய விதி இல்லை. கொசுப்புழு வளர்க்கும் எண்ணத்தோடு ஓர் ஆறாம் ஆண்டு மாணவன் வந்தான். வீட்டில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் சுகாதாரத் துறை அபராதம் போடும், அது ஆய்வுக்கு என்று சொன்னாலும் விடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குறிப்பேடுகளை வரும் வெள்ளிக்கிழமை பள்ளியே கொடுக்கும். நாற்பது பக்கம், பக்க எண் அச்சிட்டிருக்கும், ஆகவே கிழித்தால் தெரியும். தேதி போட்டு அன்றன்றே எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கட்டும், எண்ணெய்க் கறையும் இருக்கட்டும். தயவுசெய்து யாரும் உட்கார்ந்து அழகாகத் திரும்ப எழுதித் தராதீர்கள், குறிப்பாக அம்மாக்கள். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும், பலருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாக ஓர் உதவி. பள்ளியில் இரண்டு தராசுகள்தான் இருக்கின்றன, இந்த ஆண்டு நிறுக்கப்போகும் பிள்ளைகள் நிறையப் பேர். வீட்டில் சமையல் தராசு இருந்தால், பின்பக்கம் பெயர் எழுதி, மாவைத் துடைத்துவிட்டு, அலுவலகத்தில் கொடுங்கள். விழா முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பினாங்கு