தேசி மரத்தை இப்போது வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸை நெருங்கினால், சாடியில் நிற்கும் தேசி மரத்தை வீட்டுக்குள் எடுக்க வேண்டும். எடுக்கும் கையோடு பலர் அதைக் கட்டையாக வெட்டிவிடுகிறார்கள். கறிவேப்பிலையை அப்படி வெட்டிப் பழகிய கை. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் கறிவேப்பிலை இலை முழுவதும் கொட்டினாலும் திரும்பத் தளிர்க்கும். தேசி, சேமித்த உணவில் பெரும் பங்கை இலையில் வைத்திருக்கிறது. இலையை வெட்டினால் அதுவும் போகும். வெட்டிய இடத்தில் வரும் தளிரும் டிசம்பர் வெளிச்சம் போதாமல் நீண்டு வெளிறி, சிலந்திப்பேனுக்குத் தீனியாகிவிடும்.

இப்போது செய்யவேண்டியது கழுவுவதுதான். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, செடிகளுக்கென்று விற்கும் பூச்சிச் சோப்பைப் போத்தலில் சொன்ன அளவில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை. இலை பிசுபிசுத்தால் செதில்பூச்சி இருக்கலாம்; இருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், இலை கருகும்.

ஜனவரியில் இலை கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். பெரும்பாலும் காரணம் தாகம் அல்ல. தெற்கு யன்னலில் இலை வெயிலில் சூடாகிறது. குளிர்ந்த தரையில் இருக்கும் சாடி மண் 13 பாகைக்குக் கீழே போனால் வேர் தண்ணீரை இழுக்காது. ஈடுகட்ட முடியாமல் மரம் இலையை உதிர்க்கிறது. அந்த நேரம் ஊற்றும் தண்ணீர் வேரை அழுகவைக்கும். சாடிக்கு அடியில் பலகையோ தடித்த ஸ்டைரோஃபோமோ வையுங்கள், ஹீட்டர் காற்று நேரே படாமல் தள்ளி. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். யன்னல் வடக்கு நோக்கியதென்றால் எல்ஈடி விளக்கு நாளுக்கு 12 மணிநேரம் எரியவேண்டும். பெப்ரவரி முடியும்வரை உரம் தேவையில்லை.

கவ்வாத்துக்கு, அதாவது கொப்பு வெட்டுவதற்கு, பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், தளிர் விடுமுன். கத்தரிக்கோலை அல்கஹோலால் துடையுங்கள். முதலில் போகவேண்டியது ஒட்டுக்கு (வேர் உள்ள அடிமரத்தில் நல்ல ரகத்தை இணைத்த இடம்) கீழிருந்து வரும் தண்டு. மூன்று இலைகள் சேர்ந்து ஒரே காம்பில் நின்றால் அது அடிமரத்தின் தண்டு, சந்தேகமே வேண்டாம். எவ்வளவு செழிப்பாக நின்றாலும் வெட்டுங்கள், விட்டால் ஒட்டிய ரகத்தை அது அமுக்கிவிடும். விதையில் முளைத்த மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறகு பட்ட கொப்பு: பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரியும் இடம்வரை உயிர் உண்டு, அந்த உயிருள்ள இடம்வரை வெட்டுங்கள். உள்நோக்கி உரசும் கொப்புகளையும் எடுக்கலாம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம்.

மே கடைசியில் வெளியே வைக்கும்போது முதல் பத்து நாள் நிழலில் இருக்கட்டும். நேர்வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்ட வாசகர்,
ஸ்காபரோ