பலூனுக்குள் எத்தனை எழுத்து?

கரூர்
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாமல் இருந்தது சோம்பலால் அல்ல, ரோஷத்தால். நாம் உயிரை விட்டுப் படித்த காமிக்ஸ் எல்லாமே இரவல் சட்டை, லண்டனிலும் மிலானிலும் தைத்ததை வாங்கிச் சிவகாசியில் பொத்தானை மட்டும் மாற்றிக்கொண்டோம் என்று எழுதியிருந்தாய். புனேயில் உட்கார்ந்துகொண்டு நீ எதையும் எழுதலாம். ஆனால் காமிக்ஸில் வரும் இரும்புக்கை மாயாவியைப் போல, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்று நம்பி, என் தாத்தாவின் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை நெருங்கியவன் யார் என்பது என் மருமகனுக்குத் தெரியுமா? அம்மா மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால் நீ மாயாவியைவிட ஒரு படி மேலே போய், மொத்தமாகவே மறைந்திருப்பாய்.

சரி, கோபம் ஆறிவிட்டது. நேற்று ஈரோட்டுக்குப் போய்வந்தேன். சேதி நிறைய இருக்கிறது.

புத்தகத் திருவிழா நடக்கிறது அல்லவா, அதை ஒட்டி நம் ஆட்கள் சிலர் கூடுவதாகச் சொன்னார்கள். காலைப் பாசஞ்சரில் ஏறினேன். புகளூர் வந்ததும் ஜன்னல் வழியே அதே காகித ஆலை வாடை. கரும்புச் சக்கை காகிதமாகிற ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டு, காகிதம் என்ன விலை விற்கிறது என்று தெரியாமல் ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறோம். கூட்டத்தில் முதல் சண்டையே அதில்தான் தொடங்கியது. 2012-இல் சிவகாசியின் லயன் காமிக்ஸ் மறுபடி எழுந்து வந்ததிலிருந்து வண்ணம், வழவழப்பான தாள், கெட்டி அட்டை என்று போய்க்கொண்டிருக்கிறதே, பழைய நியூஸ்பிரிண்ட் விலையில் இதைக் கேட்டால் எப்படி என்று ஒருவர். பழைய தாளிலேயே போடுங்கள், எங்களுக்கு அந்த மணம் போதும் என்று இன்னொருவர். இருவருமே வருடச் சந்தாவை முதல் ஆளாகக் கட்டுகிறவர்கள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சண்டை வழக்கமானது. மறுபதிப்புக் கட்சி, புதுக்கதைக் கட்சி. முதல் கட்சிக்கு மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட் என்று பழைய நாயகர்களே மாதாமாதம் வர வேண்டும். இரண்டாம் கட்சிக்கு கிராபிக் நாவல் வேண்டும், யாராவது செத்து, யாராவது அழுது, கடைசிப் பக்கத்தில் எதுவும் தீராமல் இருக்க வேண்டும். டெக்ஸ் வில்லர் பெயரை எடுத்தால் மட்டும் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிடுகிறது. நான் எந்தக் கட்சி என்று கேட்காதே. தலையில் முடி உள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்சியில் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒருவர் பழைய முத்து காமிக்ஸ் இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பார்க்கலாம், தொடக் கூடாது. ஒன்றுக்கு அவர் சொன்ன விலையில் நான் இந்த வீட்டுக்கு ஒரு மாத வாடகை கட்டிவிடுவேன். உறைக்கு வெளியே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன், பிளாஸ்டிக் மணம்தான் வந்தது.

மதியம் சாப்பாட்டில் நடந்த வேடிக்கைதான் உனக்கு நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம். ஒரு பெரியவருக்கும் இருபது வயதுப் பையனுக்கும் வாக்குவாதம். மாயாவி காட்டில் மண்டையோட்டுக் குகையில் இருப்பவர் என்கிறான் பையன். மாயாவியாவது, குகையாவது, அவன் ஆய்வுக்கூடத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் என்கிறார் பெரியவர். இருவர் சொன்னதும் சரி! பையனின் அப்பா ராணி காமிக்ஸ் சேர்த்தவர்; அங்கே, ஆங்கிலத்தில் ‘ஃபாண்டம்’ என்கிற முகமூடி வீரர்தான் மாயாவி. அதே முகமூடி வீரர் முத்துவில் வேதாளர். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு ஆள். நாமும் இதே சண்டையை எட்டாம் வகுப்பில் போட்டுச் சட்டை கிழிந்தது நினைவிருக்கிறதா? கிழிந்தது என் சட்டை.

ரசத்துக்கு வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஆங்கிலத்தில் அந்தக் கதையின் பெயர் ‘ஸ்டீல் கிளா’. எஃகு நகம், எஃகுப் பிடி, அவ்வளவுதான். ஆள் மறைவது அந்தப் பெயரில் எங்கும் இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கு ‘இரும்புக்கை மாயாவி’ என்று பெயர் வைத்தவர்கள் கையையும் மறைவையும் இரண்டே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மாயாவி என்ற சொல் நம் பாட்டி சொன்ன கதைகளிலிருந்து வந்தது. அதைக் கேட்டதும் பாதிக் கதை நமக்கு விளங்கிவிட்டது. இது பொத்தான் மாற்றும் வேலையா? சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைத்த வேலை என்கிறேன் நான்.

இரவல் என்றாயே, அதற்கும் கணக்குச் சொல்கிறேன். லண்டன் வார இதழுக்காக மாயாவியை வரைந்த ஜீஸஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர். ஸ்பைடருக்குப் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல் — ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர், அதே சீகல்தான். அமெரிக்கக் கை எழுதி, ஆங்கிலேயக் கை வரைந்து, சிவகாசிக் கை தமிழாக்கி, நீயும் நானும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கினோம். டெக்ஸ் வில்லர் அமெரிக்க ரேஞ்சர், பிறந்தது 1948-இல் இத்தாலியில். நம் கேப்டன் டைகர் அமெரிக்கக் குதிரைப்படைக்காரர், எழுதியவர் பெல்ஜியக்காரர், வரைந்தவர் பிரெஞ்சுக்காரர். இந்தத் தொழிலில் எல்லோருமே அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மை மட்டும் பிடித்து நிறுத்துவானேன்?

சொந்தச் சரக்கே இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாண்டுமாமா எழுத, செல்லம் வரைய நாம் படிக்கவில்லையா? கார்ட்டூன் பக்கம் வந்தால் மாலி, கோபுலு, மதன் என்று நீளும். ரெட்டைவால் ரெங்குடுவைக் கரும்பலகையில் வரைந்து கணக்கு வாத்தியாரிடம் நீ வாங்கிய உதையும் சுத்தமான சொந்தச் சரக்குதான். 1987-இல் விகடன் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்ததே, அந்த அட்டையை யோசித்துப் பார். படத்தில் மட்டும் ஒரு குற்றமும் இல்லை. இவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஒருவரை ஜேப்படித் திருடனாகவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரராகவும் அடையாளம் காட்டும் வரியில்தான் வம்பு முழுவதும். எதிர்ப்பு கிளம்பிச் சில நாளில் விட்டுவிட்டார்கள், பிறகு வழக்காடி ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். படத்துக்குக் கீழே உள்ள வரி அவ்வளவு கனம். இதை இந்த மாதம்தான் நான் கைப்பட உணர்ந்தேன். எப்படி என்று கேள்.

என் அக்கா மகளை நினைவிருக்கிறதா? நீ கடைசியாகப் பார்த்தபோது திண்ணையில் கரிக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்தவள். இப்போது கோவையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. எட்டுப் பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வரைந்திருக்கிறாள். கதாநாயகன் யார் தெரியுமா? சேஸிஸ் ஓட்டுநர்.

பஸ் பாடி கட்டுவதற்காக ஓசூரிலிருந்து நம் ஊருக்கு வெறும் சேஸிஸை ஓட்டிக்கொண்டு வருவார்களே. மேலே கூரை கிடையாது, முன்னால் கண்ணாடி கிடையாது. ஒரு ஸ்டியரிங், ஒரு இருக்கை, பின்னால் நீளமாக இரும்பு எலும்புக்கூடு. தூசிக்கும் காற்றுக்கும் தலையோடு முகத்தைச் சுற்றிக் கட்டிய துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சேலம் சாலையில் நின்று எத்தனை பேருக்குக் கையாட்டியிருப்போம்! வேதாளரின் முகமூடிக்கு ஏங்கிச் செத்த நமக்கு, அந்தத் துண்டும் ஒரு முகமூடிதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியிருக்கிறது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

கதை ஒரே ஒரு ராத்திரி. ஓசூரில் கிளம்பும்போது வானம் மூடியிருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் மழை பிடிக்கிறது. ஒதுங்க இடமில்லை. சேலம், நாமக்கல் தாண்டி, விடியும் நேரத்தில் கரூர்ப் பட்டறை வாசல். அவ்வளவுதான். வில்லன் மழை.

படம் முழுவதும் போட்டுவிட்டு, ‘மாமா, வசனம் நீங்கள் எழுதுங்கள், உங்களுக்குத்தான் இந்த வியாதி உண்டே’ என்று பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டாள். வசனத்தைப் போடும் பலூன்களையும் அவளே வரைந்துவிட்டாள், முட்டையை நிறுத்தி வைத்தது போல. ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கை. ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளைச் செங்கல் போல நெருக்கி அடுக்கலாம். தமிழில் ‘கீ’ மேலே கொம்பு நீட்டும், ‘மூ’ கீழே வால் விடும். இரண்டும் அடுத்தடுத்த வரியில் வந்தால் ஒன்றின் தலையில் மற்றது இடிக்கும். சொல்லின் நீளம் வேறு. முதல் பக்கத்தில் ‘பட்டறையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதினேன். அந்த இரண்டாவது சொல்லை எண்ணிப் பார்: 14 எழுத்து. மூன்றாக ஒடித்து மூன்று வரியில் போட்டேன். மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. ‘காத்திருக்கிறார்கள்’ ஆக்கினேன், 10. அதுவும் பலூன் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் வாக்கியத்தையே தூக்கி எறிந்துவிட்டு ‘விடிவதற்குள் பட்டறை’ என்று வைத்தேன். இப்போது படித்தால் அதுதான் அவன் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

ஒரு பலூனுக்கு ஒரு மாலை. சிவகாசியில் மாதாமாதம் நூறு பக்கத்துக்கு இந்தத் தச்சு வேலையைச் செய்திருக்கிறார்கள், அதிலும் கதையைத் தெரிந்துகொள்ள நாம் வேகமாகப் புரட்டும்போது கண்ணில் படாத மாதிரி. ராத்திரி பழைய இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டுப் பலூன்களை மட்டும் பார்த்தேன். நீயும் ஒருமுறை அப்படிப் பார். 2010-இல் 18 பாகமும் ஒன்றாக வந்த ‘இரத்தப் படலம்’, உன் பிரதி என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக. அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள். தபாலில் அனுப்பும் தைரியம் எனக்கில்லை. போன மாதம் எனக்கு வந்த பார்சலின் ஒரு மூலையை யாரோ தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

சத்தங்கள் இன்னொரு தலைவலி. துப்பாக்கிக்கு ‘டுமீல்’ என்று யார் முதலில் எழுதினாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. தொல்காப்பியர் கணக்கில் டகரம் சொல்லுக்கு முதலில் வரக் கூடாது. துப்பாக்கி அதையெல்லாம் மதிக்குமா? ஆனால் எங்கள் கதையில் துப்பாக்கி இல்லை, மழைதான். ‘சடசட’ என்று எழுதினேன். அது கூரையில் விழும் சத்தம், இங்கே கூரை எங்கே என்று கேட்டாள். இரும்புச் சட்டத்தில் விழுந்தால்? ‘ணங்’ என்று சொல்ல மழைத்துளிக்குக் கனம் போதாது. முகத்தில் கட்டிய நனைந்த துண்டில் விழுந்தால்? ‘தொப்’. அதைப் பொடி எழுத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டோம். அந்தக் கட்டம் மட்டும் பார்க்கிறவர்களுக்குக் குளிரும், பந்தயம் கட்டுகிறேன்.

ஈரோட்டுக்கு அந்த எட்டுப் பக்கத்தையும் எடுத்துப் போயிருந்தேன். மறுபதிப்புக் கட்சிப் பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முழுதும் படித்தார். ‘ஆள் யாரையும் அடிக்கவில்லையே’ என்றார். பிறகு, கேட்காமலேயே தொப்பூர்ப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். எனக்கு அது போதும்.

இங்கே அமராவதியில் தண்ணீர் வந்திருக்கிறது. அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உன்னை விசாரித்தாள். தங்கைக்கும் மருமகனுக்கும் என் அன்பு. ஸ்விட்ச் விஷயத்தை அவனிடம் நான் வந்துதான் சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். கடைசிக் கட்டம். பட்டறை வாசலில் சேஸிஸ் நிற்கிறது. ஓட்டுநர் துண்டை அவிழ்க்கிறார். எட்டுப் பக்கத்தில் அவர் முகத்தை அப்போதுதான் பார்க்கிறோம். கதவைத் திறந்த காவல்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டுநர் ஏதோ சொல்ல வேண்டும், பலூன் கட்டைவிரல் நகம் அளவுதான். ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று போட்டேன்; அதுதான் படத்திலேயே தெரிகிறதே என்றாள். ‘டீ கிடைக்குமா?’ என்றேன், எல்லாக் கதையிலும் டீதானா என்றாள். ஏழு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கட்டத்துக்குப் பலூனே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றுவதற்குள் எழுதி அனுப்பு.

உன்,
சட்டை கிழிந்தவன்